சிவப்பு கூடக் கூட சைஸ் கூடும்

பசீர் அகமது மாஸ்டரின் கட்டிங் மேசைக்குப் பின்னால், சுவரில் அடித்திருந்த நான்கு ஆணிகளில், வெள்ளைக்காரனுடைய சாம்ராஜ்யம் நான்கு பனியன்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சீனாக்காரனோடு நடந்த சண்டை முடிந்து மறு வருஷம். முதலாளி ரத்தினசாமி ஒரு பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தபோது பரணில் கிடந்த பழைய பூகோளப் படங்களைக் கீழே இறக்கினார்கள். நான்கும் ஆசியாக் கண்டத்தின் படம்தான். தலைப்பில் மட்டும் வருஷம் மாறும்: 1765, 1805, 1858, 1914. இங்கிலீஷ்காரன் பிடித்த இடமெல்லாம் சிவப்பு. முதல் படத்தில் அம்மைத் தழும்பு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த சிவப்பு, நான்காவது படத்தில் இந்தியா, இலங்கை, பர்மா, மலேயா என்று கொட்டின குங்குமமாகப் பரவியிருந்தது. இனி இதை வைத்து யாருக்குப் பாடம் நடத்துவது என்று ஹெட்மாஸ்டர் குப்பையில் போடச் சொன்னார். ரத்தினசாமி ஒரு படத்தைத் திருப்பி முதுகைத் தடவிப் பார்த்தார். பின்பக்கம் முழுக்கக் கெட்டியான காடாத் துணி ஒட்டியிருந்தது. துணி என்று தெரிந்தபின் விட்டுவிட்டு வர திருப்பூர்க்காரனுக்குக் கை வராது. நான்கையும் சுருட்டிக் கம்பெனிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வந்த நேரமும் அப்படி. இஞ்சுக் கணக்கு போய் சென்டிமீட்டர் வந்த புதிது. முப்பது, முப்பத்திரண்டு என்றிருந்த பனியன்கள் எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று ஆகிவிட்டன. பழைய வெட்டு அட்டைகள் ஒன்றுக்கும் உதவாமல் போயின. புதிதாக அட்டை வாங்கினால் மாசத்துக்குள் ஓரம் நைந்துபோகும். மாஸ்டர் படங்களை மேசையில் விரித்து, புது டேப்பால் அளந்து, ஒவ்வொரு படத்திலும் ஒரு சைஸ் வெட்டினார். எந்தப் படத்தில் எந்த சைஸ் என்பதற்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"செவப்பு கூடக் கூட சைஸ் கூடும். அவ்வளவுதான். எழுத்துத் தெரியாதவனும் தப்பா எடுக்க மாட்டான்."

1765 எழுபத்தைந்து. 1805 எண்பது. 1858 எண்பத்தைந்து. 1914 தொண்ணூறு. போதாததற்கு, ஒவ்வொன்றின் மேலும் சைஸ் எழுதின சீட்டை மைதாப் பசையில் ஒட்டினார்.

"வெள்ளக்காரன் போயும் நம்ம முதுக விடல பாத்தியா," என்றாள் ஜானகியம்மாள். அவள் மூலையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, தைத்து வந்த பனியன்களில் பிசிறு வெட்டுகிறவள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்த ஆயம்மாள் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு. ஆயம்மாளுக்குப் பத்தொன்பது வயசு. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கிற வரைக்கும் நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஜானகியம்மாள் அவளுக்கு வைத்த பேர் ஊமச்சி.

அந்த ஊமச்சி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் நேர் எதிரே நான்கு படங்களும் தெரியும். அவை வந்த நாள் முதலாக அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கத்தரி நூலை வெட்டும், கண் சுவரில் மேயும்.

அவளைப் பெற்ற அய்யன் பழனிமுத்து, அவள் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது பினாங்குக்குக் கப்பல் ஏறினவர். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. கடைசிக் கடிதத்தில், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை, ஆடிக்கு வந்துவிடுகிறேன் என்று இருந்தது. எந்த ஆடி என்று எழுதவில்லை. பினாங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் அம்மா சுப்பாத்தாள் கையை ரயில் ரோட்டுப் பக்கமாக நீட்டுவாள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தபோது வாத்தியாருடைய பிரம்பு ஒரு நாள் பர்மாவிலிருந்து கீழே இறங்கி மலேயாவைத் தொட்டுவிட்டு ஓடியது. கேட்கலாம் என்று எழுந்திருப்பதற்குள் மணி அடித்தது. அந்த வருஷத்தோடு அவளுடைய படிப்பும் நின்றது.

இப்போது படம் எதிரிலேயே தொங்கியது. மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் ஆயம்மாள் ஒவ்வொன்றாகக் கிட்டப் போய்ப் பார்த்தாள். எழுபத்தைந்தில் மலேயா இருக்கிற பக்கம் பனியனின் அடிப்பட்டைக்குக் கீழே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. எண்பதில் விலாப்புறத்தோடு போயிருந்தது. தொண்ணூறில் கழுத்துக்குழி அதைத் தின்றிருந்தது. மிஞ்சியது எண்பத்தைந்து. அதில் பர்மாவின் வால் கைக்குழி ஓரமாக நீளமாக இறங்கி வந்து, மாஸ்டர் ஒட்டின சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டது. பினாங்கு அந்தச் சீட்டுக்குக் கீழே இருந்தாக வேண்டும்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாஸ்டரிடம் கேட்டால் சீட்டை எடுத்துக் காட்டியிருப்பார். கேட்கிற வாய்தான் அவளுக்கு இல்லை. நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். சீட்டோடு சேர்ந்து கடலின் நீலமும் உரிந்து வந்தது. பயந்துபோய் விட்டுவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ஜானகியம்மாளும் வெளியே போயிருந்த நேரத்தில், எண்பத்தைந்தை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே துணி அலசுகிற தொட்டி இருந்தது. பசை ஊறினால் சீட்டு தானாக வந்துவிடும் என்று படத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். அமிழ்த்தின கையோடு முன்பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி. ஆயம்மாள் மேலே இரண்டு ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு மூலைக்கு ஓடிவந்து கத்தரியை எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் படம் தொட்டியிலேயே கிடந்தது. அன்றைக்கு மாஸ்டர் எழுபத்தைந்துதான் வெட்டிக்கொண்டிருந்தார், அந்த மட்டுக்கும் தப்பித்தாள்.

வேலை விட்டதும் முகம் கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போனாள். சாக்கைத் தூக்கினாள். சீட்டு மட்டும் கழன்று தண்ணீரில் மிதந்தது; படம் துணியை விடவில்லை. அதற்கு அடியில் கடல், கடலில் ஒரு துளி சிவப்பு, அதன் பக்கத்தில் பொடி எழுத்து: 'பினா'. அவ்வளவுதான் இருந்தது. 'ங்கு' கைக்குழியோடு போய்விட்டது.

படத்தையும் சீட்டையும் தாவணிக்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்மா தறிக்காரர் வீட்டுக்கு நூல் சுற்றப் போயிருந்ததால் கூரைக்கடியில் காயப்போட முடிந்தது. மறுநாள் முதல் ஆளாகக் கம்பெனிக்கு வந்து, பேக்கிங் பகுதியில் இஸ்திரி போடுகிற கரிப்பெட்டியை மூட்டி, சுருக்கம் போகத் தேய்த்து, சீட்டைச் சோற்றுப் பருக்கையால் பழைய இடத்திலேயே ஒட்டி, ஆணியில் மாட்டினாள். மாஸ்டர் வந்தார். எண்பத்தைந்தை எடுத்துத் துணி அடுக்கின் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆயம்மாளுக்கு மூச்சு வந்தது.

முப்பது டஜன் எண்பத்தைந்து அந்த வாரம் மதுரைக்குப் போனது. அடுத்த வாரம் வியாழக்கிழமை அப்படியே திரும்பி வந்தது.

முதலாளி மூட்டையைக் கட்டிங் மேசையிலேயே அவிழ்த்தார். ஒரு பனியனை உதறிப் போட்டு டேப்பை வைத்தார். தோளிலிருந்து அடி வரைக்கும் எழுபது இருக்க வேண்டும். அறுபத்தெட்டு இருந்தது. இன்னொன்று. அதுவும் அறுபத்தெட்டு.

"ஏனுங் பாய், இதென்ன எம்பத்தஞ்சா? கடக்காரரு எழுதியிருக்கறாரு, உங்கூர்ல எம்பத்தஞ்சுக்கு ரெண்டு கம்மியா எண்ணுவாங்களான்னு."

மாஸ்டர் எண்பத்தைந்து அட்டையை ஆணியிலிருந்து எடுத்து அளந்தார். அறுபத்தெட்டு. முகம் செத்துப்போயிற்று. டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மறுபடி அளந்தார்.

"நான் எழுபது வெச்சுத்தாங்க வெட்டினேன். போன மாசம் இதே அட்டையிலதான் சேலத்துக்குப் போச்சு. சரியா இருந்துச்சு."

"சேலத்துக்காரன் அளந்தானோ இல்லியோ. எல்லாம் இஞ்சுலயே பழகுன கைங்க, பாய். சென்டிமீட்டருக்கு வணங்க மாட்டேங்குது. உங்களக் குத்தஞ் சொல்லி என்ன பண்றது."

குற்றம் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்பது போலப் பசீர் அகமது நின்றார். பதினோரு வருஷமாக அந்த மேசை அவருடையது.

"மாஸ்டர், துணி சுருங்கியிருக்குமாட்ட இருக்குதுங்க," என்றாள் ஜானகியம்மாள், நடுவில் புகுந்து.

"எப்பிடிம்மா சுருங்கும்? நம்ம துணி தண்ணி பட்டு, வெளுத்துத்தானே மேசைக்கு வருது. ஒருக்கா தண்ணி கண்ட துணி அதுக்கப்புறம் அப்பிடிச் சுருங்காது. தண்ணி காணாத காடாத் துணின்னா சுருங்கும். அது சின்னப் புள்ளைக்குங்கூடத் தெரியும்."

ஆயம்மாளின் கத்தரி நின்றது.

தண்ணி காணாத காடாத் துணி. அந்தப் படத்தின் முதுகில் இருந்தது அதுதான். அச்சடித்த நாளிலிருந்து பரணிலும் சுவரிலும் காய்ந்தே கிடந்த துணி. அதைத்தான் அவள் அரை நாள் தொட்டியில் ஊறப்போட்டாள். பிறந்ததிலிருந்து துணிக்கு நடுவில் வளர்ந்தவள். புதுப் பாவாடையை நனைத்துக் காயப்போட்டுத்தான் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று ஆறு வயசிலேயே தெரிந்தவள். அவளுக்கு அன்றைக்கு அது துணியாகவே தெரியவில்லை. கடலும் கரையுமாகத் தெரிந்தது. அய்யன் இருக்கிற ஊராகத் தெரிந்தது.

முதலாளி போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்: "திங்கக்கெழமை சிவசுப்பிரமணியம்னு ஒருத்தரு வராருங்க. சென்டிமீட்டர்லயே தொழில் பழகுனவரு. சனிக்கெழமையோட நீங்க கொஞ்சம் ஓய்வா இருங்க, பாய்."

ஓய்வு என்றால் என்ன என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஆயம்மாள் தவித்தாள். மாஸ்டர் குனிந்தபோதெல்லாம் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். அவர் நிமிர்ந்ததும் தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரிப் பானைக்குப் போனாள். ஏழு தடவை பானைக்குப் போய்விட்டாள். "வகுத்துக்குள்ள என்ன, பாறைக்குழியா வெச்சிருக்கறே?" என்று ஜானகியம்மாள் கேட்டாள். மாஸ்டர் அன்று வெட்டின ஒவ்வொரு துணியையும் மும்மூன்று தடவை அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒரு முறை மேசையில் கையைச் சாண் விரித்து வைத்துப் பார்த்து, அதை டேப்போடு ஒத்துப் பார்த்தார். கையையே சந்தேகப்படுகிறார் என்று ஆயம்மாளுக்குப் புரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டதில், ஒரு நல்ல பனியனின் கழுத்துப்பட்டையையே கத்தரித்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனாலும் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. சொன்னால் வேலை போகும். கம்பெனிச் சாமானைத் திருட்டுத்தனமாக எடுத்தவள் என்று பேராகும். வேறு கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் மாஸ்டர் போவார். போனபின் எந்தக் கம்பெனியிலும், அளவு தவறினவர் என்றுதான் அவரைக் கேட்பார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். "காலுல சக்கரங் கட்டியிருக்குதா அம்முணி," என்றாள் அம்மா.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் மாஸ்டர் தன் பெரிய கத்தரியை எண்ணெய்த் துணியில் துடைத்து ஒரு துண்டில் சுற்றினார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார். முதலாளி மேசை முனையில் நின்று, எதையாவது பேச வேண்டுமே என்று, மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆயம்மாள் எழுந்தாள். நேராகச் சுவருக்குப் போய் 1805-ஐ, எண்பது சைஸ் படத்தை, ஆணியிலிருந்து கழற்றினாள். மேசைமேல் விரித்தாள்.

"ஊமச்சி, அதெதுக்குடி உனக்கு?" என்றாள் ஜானகியம்மாள்.

"மாஸ்டர், இத அளந்து பாருங்க."

அவள் குரலை அங்கே பாதிப் பேர் அன்றைக்குத்தான் கேட்டார்கள். மாஸ்டர் டேப்பை எடுக்கவில்லை. "என் அளவுதான் தப்பாப் போச்சேம்மா. மொதலாளியே அளக்கட்டும்."

ரத்தினசாமிக்குச் சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்திலேயே டேப்பை வாங்கி அளந்தார். "அறுவத்தேழு. சரியாத்தான இருக்குது. இப்ப என்ன அதுக்கு?"

ஆயம்மாள் படத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள். எல்லோரும் பின்னால் வந்தார்கள். தொட்டியில் போட்டு இரண்டு கையாலும் அமிழ்த்திப் பிடித்தாள்.

"அய்யய்ய, இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு," என்று ஜானகியம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். ஆயம்மாள் விடவில்லை. காடாத் துணி மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். பனியன் ஓரம் தைக்கிற ஓவர்லாக்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். முதலாளி இரண்டு தடவை 'ஏம்மா' என்றார். மாஸ்டர் மட்டும் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். தொழில்காரர், அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

நன்றாக ஊறினதும் எடுத்துக் கரிப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஆவி எழும்பியது. தேய்த்துக் காய்ந்ததைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்து போட்டாள். இந்தத் தடவை மாஸ்டர் தன் பையிலிருந்த டேப்பை எடுத்தார்.

"அறுவத்தஞ்சு," என்றார்.

"எம்பத்தஞ்சையும் நாந்தாங்க நனைச்சேன்," என்றாள் ஆயம்மாள். "போன வாரம் திங்கக்கெழமை. அரை நாள் தொட்டியில கெடந்துச்சுங்க. மாஸ்டர் சரியாத்தான் வெட்டியிருந்தாரு."

ரத்தினசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். "அத எதுக்கும்மா போயித் தண்ணிக்குள்ள போட்டே?"

"சீட்டு ஒட்டியிருந்துச்சுங்க. அதுக்கடியில பினாங்கு இருந்துச்சு. எங்கய்யன் போன ஊருங்க."

ஓவர்லாக்காரர் அப்புசாமி, "அப்ப ரெண்டு சென்டிமீட்டரு கிட்ட வந்துட்டாருன்னு சொல்லு," என்றார். ஒருவர் சிரித்துவிட்டு, மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாஸ்டர் ஆயம்மாளை நேராகப் பார்த்தார்.

"வியாழக்கெழமையே உனக்குத் தெரியும்."

"ஆமாங்க."

"மூணு நாளா எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தே."

மாஸ்டர் துண்டை அவிழ்த்துக் கத்தரியை எடுத்து மேசையின் வலது முனையில், அது வழக்கமாக இருக்கிற இடத்தில் வைத்தார். முதலாளி, "பாய், நான் அந்தத் திங்கக்கெழமை விஷயம்..." என்று ஆரம்பித்தார். மாஸ்டர் அதை முடிக்க விடவில்லை.

"தகரம் வாங்கிட்டு வரச் சொல்லுங்க மொதலாளி. நாலு சைஸையும் தகரத்துல வெட்டிக்கிறேன். தகரம் சுருங்காது."

ஆயம்மாளை என்ன செய்வது என்று முதலாளி வாய்விட்டே யோசித்தார். கடைசியில், திரும்பி வந்த பனியன்களில் தைத்திருந்த '85' சீட்டுகளை ஒன்று விடாமல் அவள் ஒருத்தியே பிரிக்க வேண்டும், அது முடிகிற வரைக்கும் வேறு வேலை கிடையாது, அதற்குக் கூலியும் கிடையாது என்றார். அவள் தலையை ஆட்டினாள். அப்போதே சாக்கில் உட்கார்ந்து முதல் பனியனை மடியில் எடுத்து வைத்தாள். ஊசி நூலுக்குப் பதில் விரலில் ஏறியது. ஜானகியம்மாள் மூட்டையிலிருந்து ஒரு கட்டுப் பனியனை எடுத்துத் தன் பக்கம் போட்டுக்கொண்டாள். முதலாளி பார்த்தும் பார்க்காதவர் மாதிரிப் போனார்.

வேலை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மாஸ்டர் நிமிரவில்லை. ஆணியில் இரண்டு படங்கள்தான் இருந்தன. நனைந்த இரண்டும் மேசைக்கு அடியில், வெட்டுத் துண்டுகளோடு கிடந்தன.

"அந்த எம்பத்தஞ்சு, மாஸ்டர்..."

"அளவு தப்புன அட்டை. கம்பெனிக்கு ஆவாது," என்றார் அவர் துணியைப் பார்த்தபடி. கொஞ்சம் விட்டு, "எடுத்துட்டுப் போ. என் கண்ணுல படாம இருந்தாச் சரி," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆயம்மாள் படத்தை அவளுக்கு முன்னால் தரையில் விரித்தாள். வருகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று கோத்து வைத்திருந்தவை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அம்மா, இதுல அய்யன் போன ஊரு இருக்குது. இங்க பாரு. பினான்னு போட்டிருக்குது. மிச்சம் வெட்டுப்பட்டுப் போச்சு."

சுப்பாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மகளுடைய விரல் இருந்த இடத்தை அவள் பார்க்கவில்லை. கடலும் சிவப்பும் அவள் கண்ணில் ஏறவேயில்லை. படத்தின் இரண்டு தோள் முனைகளையும் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். அப்புறம் கீழே போட்டு, கைக்குழிக்கு நேராக அகலத்தைச் சாண் போட்டு அளந்தாள். ஒரு சாண், இரண்டாவது சாணுக்குத் துணி முழுசாக எட்டவில்லை.

"இது யாருக்கு வெட்டுனது?"

"எம்பத்தஞ்சு சைஸும்மா. இப்பக் கொஞ்சம் கம்மி."

"உங்கய்யனுக்குப் பத்தாது," என்றாள் சுப்பாத்தாள். "இந்தப் பக்கம் ரெண்டு வெரக்கடை, அந்தப் பக்கம் ரெண்டு வெரக்கடை வேணும். நல்ல ஆகிருதி."

சாண் விரித்த கையை அவள் படத்திலிருந்து எடுக்கவில்லை. தெருவில் யாரோ போனார்கள். போகிறவரைத் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

"அது போறப்ப இருந்த அளவு," என்றாள். "இப்ப எப்பிடியோ."